போர்டைக் கணினியில் செருகினேன், போர்ட் வரவில்லை: நம் கரைக்காரர்களின் அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான். அப்போது ஒருநாள் மச்சான் கேட்டார்: "மாப்பிள்ளை, ஐஸ் பெட்டிக்குள்ள எவ்வளவு குளிர் நிக்குதுன்னு மூடியைத் திறக்காம பாக்க முடியுமா?" முடியும் என்று சொல்லி ஒரு இஎஸ்பி32 போர்டும் (நிரல் ஏற்றி ஓட்டும் சின்னக் கணினிப் பலகை) டிஎஸ்18பி20 வெப்ப உணரியும் வாங்கினேன்.

செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் நிரல் எழுதி ஏற்றும் ஆர்டுயினோ மென்பொருளில் போர்ட் (கணினி போர்டோடு பேசும் வழி) வரவில்லை. போர்டில் உள்ள யூஎஸ்பி சிப்பான சிபி2102-இன் டிரைவரை இரண்டு முறை போட்டேன், லேப்டாப்பின் எல்லா யூஎஸ்பி வாயிலும் செருகினேன். ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது. கடைசியில் பார்த்தால் கேபிள்தான் காரணம். யூஎஸ்பி கேபிளில் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தரவுக்கு. சார்ஜ் ஏற்ற மட்டும் தரும் மலிவான கேபிள்களில் பின்னிரண்டு கம்பியும் இருக்காது. விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது, அவ்வளவுதான். இப்போது எந்தக் கேபிளையும் முதலில் போனில் செருகிப் பார்க்கிறேன். போனில் உள்ள படங்கள் கணினியில் தெரிந்தால் அந்தக் கேபிளில் வலைநூல் ஒன்றைக் கட்டி வைத்துவிடுவேன்.

அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய சோதனை. 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாக ஓடியபோது போர்டில் உள்ள பூட் பொத்தானை அழுத்திப் பிடித்தேன், நிரல் ஏறியது. சரி என்று உணரியை போர்டின் 12ஆம் பின்னில் (கம்பி இணைக்கும் கால்) இணைத்தேன். போர்டு மறுபடி மறுபடி ரீசெட் ஆனது, போர்டு அனுப்பும் வரிகளைக் காட்டும் சீரியல் மானிட்டரில் 'ஃபிளாஷ் ரீட் எர்ர், 1000' என்ற வரி நிற்காமல் ஓடியது. புது நிரலும் ஏறவில்லை. உணரியைக் கழற்றினால் எல்லாம் சரி, மாட்டினால் மறுபடி அதே கதை. போர்டு பழுது என்றே முடிவு கட்டியிருந்தேன்.

காரணம் அந்த 12ஆம் பின். இஎஸ்பி32 விழிக்கும் நொடியில் அந்தப் பின்னைப் பார்த்துத்தான் நிரல் இருக்கும் தன் ஃபிளாஷ் நினைவகத்துக்கு எத்தனை வோல்ட் கொடுப்பது என்று தீர்மானிக்கிறது. பின்னில் மின்னழுத்தம் கீழே இருந்தால் 3.3, மேலே இருந்தால் 1.8. டிஎஸ்18பி20-இன் தரவுக் கம்பிக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு 3.3 வோல்ட்டோடு கட்ட வேண்டும். அந்த ரெசிஸ்டர் 12ஆம் பின்னை மேலே இழுத்துவிட்டது. 3.3 வோல்ட் கேட்கும் ஃபிளாஷுக்கு 1.8 போனால் எப்படி எழும்? கம்பியை 4ஆம் பின்னுக்கு மாற்றினேன், முதல் தடவையிலேயே ஓடியது. இதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கீழக்கரையிலிருந்து:

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வாப்பாவுக்காக ஒரு போர்டு வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து நிரலை மாற்றப் போனால், ஏறும்போது பாதியில் அறுந்தது. நிரல் ஏறும் வேகத்தை (நொடிக்கு இத்தனை பிட்) 921600-இலிருந்து 115200-க்குக் குறைத்தும் பயனில்லை. பக்கத்து வீட்டுக் காக்கா (அண்ணன்) டார்ச் அடித்து யூஎஸ்பி வாய்க்குள் பார்க்கச் சொன்னார். உள்ளே பச்சைப் பூத்திருந்தது. கடற்காற்று செய்த வேலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டேன். பழைய வேகத்திலேயே ஏறியது. இப்போது அந்த வாய்க்கு ரப்பர் மூடி போட்டிருக்கிறேன். நிரலை வைஃபை வழியாகவே ஏற்றுகிறேன், ஓடிஏ என்பார்கள்.

பாம்பனிலிருந்து:

கணினியில் உபுண்டு 22.04 (லினக்ஸ்) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப் உள்ள போர்டைச் செருகினால் போர்ட் ஒரு கணம் வந்து மறைந்துவிடும். பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அந்தச் சிப்பைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. அதை நீக்கியதும் எனக்கு வேலை செய்தது. வீட்டில் யாராவது பிரெய்ல் திரை பயன்படுத்தினால் தயவுசெய்து நீக்காதீர்கள், வேறு கணினியில் போர்டை இணையுங்கள். அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை, போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும்.

தங்கச்சிமடத்திலிருந்து:

மலிவு ஆர்டுயினோ நானோ போர்டுகள் 'நாட் இன் சிங்க்' என்று அடம்பிடித்தால் பிராசஸர் பட்டியலில் 'ஓல்டு பூட்லோடர்' தேர்ந்தெடுங்கள் (பூட்லோடர் என்பது நம் நிரலை வாங்கி ஏற்றிக்கொள்ளும் போர்டின் உள் நிரல்). பழையது 57600 வேகத்தில் பேசும், புதியது 115200-இல். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் வாங்கிய ஆறும் பழையவை.

மண்டபத்திலிருந்து, மறுபடி:

கீழக்கரை அண்ணன் சொன்னதைப் படித்ததும் என் போர்டின் வாயைப் பார்த்தேன், ஓரத்தில் லேசாகப் பச்சை தொடங்கியிருக்கிறது. இன்றே துடைத்துவிடுகிறேன். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் யாராவது படகிலேயே போர்டை மாதக்கணக்கில் வைத்திருந்தால் அதை எதில் அடைத்தீர்கள் என்று எழுதுங்கள். மச்சான் படகு அடுத்த வாரம் மறுபடி கடலுக்குப் போகிறது.