ஒரு சொட்டுத் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு? புத்தகத்து எண்ணை எடுக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

பிளஸ்ஒன்_அப்பா:

வணக்கம். மகள் பதினொன்றாம் வகுப்பு. நேற்று இரவு மோல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு சொட்டு என்றால் 0.05 மி.லி. என்று வைத்துக்கொண்டு, 18-ஆல் வகுத்து, அவகாட்ரோ எண்ணால் (ஒரு மோல், அதாவது 18 கிராம் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 6.022×10²³) பெருக்கினோம். எனக்கு 1.67×10²⁴ வந்தது, அவளுக்கு 1.67×10²¹. எங்கே தப்பு என்று தெரியவில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் அது இல்லை. கணக்கை மூடி வைத்துவிட்டு அவள் கேட்டாள், "இந்த 6.022×10²³-ஐ யாருப்பா எண்ணிப் பார்த்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. வீட்டில் இருக்கிற பொருட்களை வைத்து, குத்துமதிப்பாகவாவது, நாமே அந்த எண்ணுக்குப் போய்ச் சேர வழி இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:

மகள் போட்டதுதான் சரி. நீங்கள் 0.05 லிட்டர் என்று எடுத்துவிட்டீர்கள், அதாவது 50 கிராம். அதனால்தான் சரியாக 1000 மடங்கு கூடிவிட்டது. இப்படி யோசித்தால் தவறவே தவறாது: ஒரு மோல் தண்ணீர் 18 கிராம், அதாவது 18 மி.லி., ஒரு மடக்குத் தண்ணீர். அதில் 0.05 மி.லி. சொட்டு 360 இருக்கும். 6.022×10²³-ஐ 360-ஆல் வகுத்தால் 1.67×10²¹. உலகத்தில் இருக்கும் 800 கோடிப் பேரும் தூங்காமல் நொடிக்கு ஒன்று வீதம் எண்ணினாலும் அந்த ஒரே சொட்டை எண்ணி முடிக்க 6,600 வருஷம் ஆகும்.

அப்புறம் அந்த 0.05-ஐ நம்பாதீர்கள். 1 மி.லி. சிரிஞ்ச் எடுத்து, உங்கள் ஃபில்லரால் எத்தனை சொட்டு விட்டால் நிறைகிறது என்று எண்ணுங்கள்.

லேப்_டீச்சர்:

சார், உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. நான் வேதியியல் ஆசிரியை, இதை வகுப்பில் வருஷா வருஷம் செய்து காட்டுகிறேன்.

முதலில் ஒரு கதை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லண்டனில் கிளாஃபம் காமன் குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றிப் பார்த்தார். அது பரவிப் பரவி அரை ஏக்கர் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டது என்று 1774-இல் எழுதினார். டீஸ்பூன் 5 மி.லி., அரை ஏக்கர் சுமார் 2000 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், படலத்தின் தடிமன் 2.5 நானோமீட்டர். ஃபிராங்க்ளின் இந்த வகுத்தலைச் செய்யவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1890-இல் ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் தானே எண்ணெய்ப் படலத்தை அளந்து பார்த்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண், கல்லூரிக்கே போகாதவர், வீட்டிலேயே ஒரு தொட்டி வைத்து இதைவிட நேர்த்தியாக அளந்துகொண்டிருந்தார். அவர் எழுதிய கடிதத்தை ராலேதான் 1891-இல் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி அச்சேற்றினார். என் மாணவிகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தைத் தொடங்குவதே இல்லை.

செய்முறை: பள்ளி ஆய்வகத்தில் ஒலியிக் அமிலம் (சமையல் எண்ணெய்களில் இருக்கும் ஒரு கொழுப்பு அமிலம்) கேளுங்கள். 1 மி.லி. எடுத்து ஆல்கஹால் சேர்த்து 20 மி.லி. ஆக்குங்கள், அதிலிருந்து 1 மி.லி. எடுத்து மறுபடி 20 மி.லி. ஆக்குங்கள். இப்போது 400-இல் ஒரு பங்குதான் அமிலம். பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்பி, அது அசையாமல் நின்றதும் மேலே முகப்பவுடரை லேசாகத் தூவி, நடுவில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். பவுடர் சட்டென்று விலகி ஒரு வட்டம் தெரியும். ஆல்கஹால் கொஞ்சம் கரைந்தும் கொஞ்சம் ஆவியாகியும் போய்விடும், அமிலம் மட்டும் நிற்கும்.

எங்கள் வகுப்பில் வட்டத்தின் விட்டம் 17 செ.மீ., பரப்பு 227 ச.செ.மீ. சொட்டு 0.02 மி.லி., அதில் அமிலம் 0.00005 மி.லி. தடிமன் 2.2 நானோமீட்டர். படலம் ஒரே ஒரு மூலக்கூறு அடுக்குதான் என்பதால், இதுதான் ஒரு மூலக்கூறின் உயரம்.

இதற்கு அடுத்த இடத்தில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். மூலக்கூறை 2.2 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் என்று எடுத்தால் அவகாட்ரோ எண் 3×10²² என்று வரும், இருபது மடங்கு குறைவு. ஏனென்றால் அது கனசதுரம் இல்லை, 18 கார்பன் வரிசையாகக் கோத்த குச்சி, தண்ணீரில் தலையை வைத்து நிற்கிறது. அகலம் உயரத்தில் கால் பங்கு என்று வைத்தால் ஒரு மூலக்கூறின் கனஅளவு 0.67 கன நானோமீட்டர். ஒரு மோல் ஒலியிக் அமிலம் 282 கிராம், அடர்த்தி 0.895, ஆக 315 மி.லி. வகுத்தால் 4.7×10²³! ஒரு தாம்பாளமும் பவுடரும் வைத்து இவ்வளவு கிட்டத்தில் போவதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஆவிபறக்க:

டீச்சர் சொன்னதில் அந்தக் 'கால் பங்கு' மட்டும் நாம் ஊகித்தது. எண்ணெயே இல்லாமல் தண்ணீரை வைத்தே இன்னொரு வழி: தண்ணீரை ஆவியாக்குவது என்றால் ஒவ்வொரு மூலக்கூறையும் சுற்றியுள்ளவற்றிடமிருந்து முழுசாகப் பிரிப்பது, கிலோவுக்கு 22.6 லட்சம் ஜூல். புதுப் பரப்பு உண்டாக்குவது என்றால் ஒரு பக்கத்துப் பிடிப்பை மட்டும் அறுப்பது, சதுர மீட்டருக்கு 0.072 ஜூல், அதுதான் பரப்பு இழுவிசை. மூலக்கூறுகள் செங்கல் அடுக்கியது போல ஆறு பக்கமும் அண்டை வீட்டோடு இருப்பதாக வைத்தால், ஒரு மூலக்கூறுக்கு ஆகும் ஆற்றலில் இரண்டாவது, முதலாவதில் ஆறில் ஒரு பங்கு. அதிலிருந்து மூலக்கூறின் அகலம் 0.19 நானோமீட்டர் என்று கிடைக்கும், உண்மையில் 0.31. சொட்டுக்கு 7×10²¹ வரும், சுமார் நாலு மடங்கு அதிகம்தான், ஆனால் 10²¹ என்ற இடத்தை விட்டு விலகவில்லை.

"யார் எண்ணியது" என்பதற்கு: ழான் பெரென் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர், 1908 வாக்கில். கம்போஜ் என்ற மஞ்சள் பிசினின் (நம் கொடம்புளி மரத்தின் இனத்து மரத்துப் பிசின்) நுண்துகள்களைத் தண்ணீரில் கலந்து, மேலே போகப் போக எத்தனை குறைகிறது என்று நுண்ணோக்கியில் உண்மையாகவே எண்ணினார். ஏறத்தாழ 7×10²³ கிடைத்தது, 1926-இல் நோபல் பரிசும் கிடைத்தது. 2019 மே 20 முதல் அது அளக்கும் எண்ணே இல்லை, 6.02214076×10²³ என்று வரையறுத்தே விட்டார்கள்.

பிளஸ்ஒன்_அப்பா:

எல்லாருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் சிரிஞ்சில் எண்ணினோம், 1 மி.லி.-க்கு 22 சொட்டு. எங்கள் வீட்டுச் சொட்டில் 1.52×10²¹. அதே ஃபில்லரில் ஸ்பிரிட் எடுத்தால் 50 சொட்டுக்கு மேல் போகிறது, ஏன் டீச்சர்? சனிக்கிழமை தாம்பாளத்தில் செய்யப் போகிறோம்.

லேப்_டீச்சர்:

ஆல்கஹாலின் பரப்பு இழுவிசை தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பெரிய சொட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாது, அதனால் சின்னதிலேயே விழுந்துவிடும். ஆகவே அந்தக் கரைசலின் சொட்டைத் தனியாக எண்ணுங்கள், தண்ணீர் சொட்டின் அளவைப் போட்டுவிடாதீர்கள். தாம்பாளத்தைக் கழுவியதும் வெறும் தண்ணீரில் நாலைந்து தடவை அலசுங்கள். சோப்பு துளி ஒட்டியிருந்தாலும் அதுவே முதலில் பரவிவிடும், பவுடர் விலகாது.