கோடாட்ல ஷூட்டர்: 800 குண்டு வந்தா திணறுது

நொய்யல்கரை:
ஏனுங்ணா, கோடாட்ங்கற கேம் எஞ்சின்ல, மேல இருந்து கீழ ஓடற ஷூட்டர் (சுடற கேம்) ஒண்ணு செய்யறனுங்க. திரையில 800 குண்டு வந்தா நத்தையாட்டம் நகருது. ஆடிப் பாக்கறவங்களும் "மேல படவே இல்லீங்க, ஆனா செத்துட்டேன்"ங்கறாங்க.

பவானி_பிக்சல்:
குண்டுக்கு ஒண்ணா ஏரியா2டி நோடு (மோதலைக் கவனிக்கற கோடாட் உறுப்பு) வெச்சிருப்பீங்க தம்பி, அதான் சுமை. இடம், வேகம் எல்லாத்தையும் அர்ரேல (வரிசைப் பட்டியல்ல) வெச்சு, ஒரே உருவத்தைப் பல இடத்துல ஒரே தடவையில வரையற மல்டிமெஷ்ல ஒட்டுக்கா வரைங்க. மோதலுக்கு இயற்பியல் எஞ்சினே வேண்டாம். கப்பலுக்கும் குண்டுக்கும் உள்ள தூரத்தோட வர்க்கம், ரெண்டு ஆரத்தையும் கூட்டி வர்க்கம் எடுத்ததை விடக் குறைஞ்சா அடிபட்டாச்சு. முடிஞ்ச குண்டை அர்ரே நடுவுல இருந்து பிடுங்காதீங்க. கடைசிக் குண்டை அங்க மாத்திட்டு வாலை வெட்டுங்க. லூப் பின்னாலிருந்து ஓடணும், இல்லீன்னா ஒரு குண்டு விட்டுப்போகும்.

கோவை_காயின்:
கப்பல் 32 பிக்சல்னா அடிபடற இடம் நடுவுல 4 போதும். குண்டை வெடிப்புக்கு மேல் அடுக்குல வரைங்க. ரெண்டும் ஒரே ஆரஞ்சுன்னா ஆண்டவனே வந்தாலும் தப்ப முடியாது.
அப்புறம், காசு போடற காலத்துக் கன்டினியூவை (செத்தப்புறமும் தொடர்ந்து ஆடற வசதி) அப்படியே வெச்சா செத்துச் செத்தே முடிச்சுப்போடுவாங்க. 2018ல வந்த சீரோரேஞ்சர்ங்கற ஷூட்டர்ல ஸ்கோர் சேத்தித்தான் கன்டினியூ சம்பாதிக்கோணும். அது எனக்குப் புடிச்ச வழி.

நொய்யல்கரை:
செரிங்ணா, மொதல்ல மல்டிமெஷ்.