கடலோரத்தில் பெருகும் குடியிருப்புகள்: ஆட்சேபணை மனு எதை வைத்து எழுதினால் நிற்கும்?

கரைமேடு கேட்டது:
மனைப்பிரிவும் அடுக்குமாடியும் மளமளவென்று பெருகும் கடலோரங்களில், "ஊர் தாங்காது, கூட்டம் அதிகமாகிவிட்டது" என்று மக்கள் மனு கொடுக்கிறார்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதைப் பதிவு செய்துகொண்டு, அனுமதியையும் கொடுத்துவிடுகிறார்கள். ஒதுக்கித் தள்ள முடியாத மனுவுக்கு என்னென்ன விவரங்கள் வேண்டும்?

ஊற்றுக்கண்:
தண்ணீரில் தொடங்குங்கள். கடலோர மண்ணுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நிலத்தடி நீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேலே அரை மீட்டர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழே உப்புநீர் காலப்போக்கில் 20 மீட்டர் ஏறிவரும். மெதுவாக ஏறுவதால் அனுமதி தரும் நேரத்தில் யார் கண்ணிலும் படாது. உவர்த்துப்போன கிணறு தேற வருடக்கணக்காகும், தேறாமலும் போகலாம்.

கடலிலிருந்து வெவ்வேறு தூரத்தில் நாலைந்து கிணறுகளைத் தேர்ந்தெடுத்து மாதாமாதம் நீர்மட்டம், மின்கடத்துதிறன் (தண்ணீரில் உப்பு கூடினால் இது ஏறும்), குளோரைடு (கடல் உப்பின் முக்கியப் பகுதி) மூன்றையும் குறியுங்கள். மட்டத்தை மோட்டார் போடுமுன் காலையில் எடுக்க வேண்டும். பரிசோதனைக்கான தண்ணீரை, குழாயில் தேங்கியது வெளியேறும்வரை மோட்டாரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். பலர் தரையிலிருந்து ஆழத்தை மட்டும் எழுதுகிறார்கள். தரை கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ அதிலிருந்து இந்த ஆழத்தைக் கழித்து, கடல்மட்டக் கணக்குக்கு மாற்றாவிட்டால் பயனில்லை. குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்கிலேயே தெரியும். ஆனால் ஒருநாள் அளவைவிட, மாதாமாதம் ஏறுகிறது என்று காட்டுவதுதான் கனமான சான்று.

மடைவாய்:
அடுத்தது கழிவுநீர். 1,000 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 5.4 லட்சம் லிட்டர். அதில் 80 சதவீதம், அதாவது 4.3 லட்சம் லிட்டர், கழிவாகத் திரும்பும். சுத்திகரிப்பு நிலையத்தில் அவ்வளவு இடம் மிச்சமிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே அனுமதி வாங்கி இன்னும் கட்டாத வீடுகளையும் சேர்த்துக் கேளுங்கள். எப்போதும் விட்டுப்போவது அதுதான். விடுமுறைக் கூட்டத்தையும் விடாதீர்கள்.

புயல் வெளியேற்றமும் வலுவான வாதம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளில், புயலுக்கு முன் 24 மணி நேரத்தில் மக்கள் வெளியேற முடிய வேண்டும் என்பதை வைத்தே, ஆண்டுக்கு இத்தனை வீட்டுக்குத்தான் அனுமதி என்ற விதி 1992-இல் வந்தது. வெளியேறும் வண்டிகளை, சாலை மணிக்குத் தாங்கும் வண்டிகளால் வகுத்தால் மணிக்கணக்கு கிடைத்துவிடும்.

பாய்மரம்:
ஒரேயடியாக "யாரும் வரக்கூடாது" என்று கேட்பதை நான் ஏற்கமாட்டேன். கலிஃபோர்னியாவின் பொலினாஸ் என்ற கடலோர ஊர் 1971-இல் புதிய குடிநீர் இணைப்பை நிறுத்தியது. ஊர் சிறிதாகவே இருக்கிறது. ஆனால் அங்கே வேலை செய்பவர்களுக்குக் குடியிருக்க வீடு கிடைப்பது பெரும்பாடு. விலை ஏறினால் முதலில் வெளியேறுவது மீனவரும் கூலிக்காரரும்தான். அதனால் நிபந்தனை கேளுங்கள்: சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கிய பிறகே குடியேற அனுமதி, கட்டங்கட்டமாக வீடுகள், உள்ளூர் உழைப்பாளர்களுக்குத் தனிப் பங்கு.

கரைமேடு:
மனுவுக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது, கிணற்று அளவுகள் கையில் இல்லையென்றால்?

ஊற்றுக்கண்:
திட்டக்காரர் தாக்கல் செய்த அறிக்கையையே பிரித்துப் பாருங்கள். பரிசோதனைக்கான தண்ணீரை எந்த மாதம் எடுத்தார்கள் என்று தேடுங்கள். மழை முடிந்த கையோடு எடுத்தால் உப்பு குறைவாகத் தெரியக்கூடும். அப்போது மட்டும் எடுத்திருந்தால், கோடைக் கடைசியிலும் எடுக்க வேண்டும், அதுவரை முடிவைத் தள்ளிவைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.