ப்ரீ-ஆம்ப்பில் உறுமல்: கபாசிட்டரை இன்னும் பெரிதாக்கவா?

இசைத்தட்டு:
அப்பாவின் ரெக்கார்டு பிளேயருக்காக 5532 ஐ.சி. வைத்து ஒரு ஃபோனோ ப்ரீ-ஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சுற்று) கட்டினேன். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பிரிட்ஜ், 1000 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். சப்ளை அவ்வளவுதான். தட்டு ஓடாதபோதே ஸ்பீக்கரில் வண்டு புகுந்த மாதிரி உறுமுகிறது. 4700 போட்டேன், குறைந்தது, போகவில்லை. 10,000 போட்டால் பெட்டி மூடாது. இப்போதே மூட மாட்டேன் என்கிறது. மொத்தக் கரண்ட் 30 மில்லிஆம்பியர்தான்.

பழைய ரேடியோ:
தம்பி, கடைக்கு ஓடும் முன் இரண்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கோர்த்து ப்ரீ-ஆம்ப்புக்குக் கொடுத்துப் பாருங்கள். உறுமல் நிற்காவிட்டால் குற்றம் சப்ளையில் இல்லை, எத்தனை கபாசிட்டர் போட்டாலும் வீண்.

சப்ளைதான் என்றால் கபாசிட்டன்ஸ் மல்டிப்ளையர் போடுங்கள், சின்னக் கபாசிட்டரைப் பெரியது போல வேலை செய்ய வைக்கும் சுற்று. பி.டி.139 டிரான்சிஸ்டர் ஒன்று போதும். அதன் மூன்று கால்களில் கலெக்டர் 4700-இன் பிளஸ்ஸுக்கு, எமிட்டர் ப்ரீ-ஆம்ப்புக்கு. கலெக்டரிலிருந்து பேஸுக்கு இரண்டு 470 ஓம் தொடராக. அவை சேரும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 220 மைக்ரோஃபாரட், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொன்று. பேஸ் அசையாமல் நிற்கும், எமிட்டர் அதன் பின்னாலேயே போகும். அந்த 940 ஓமை நேராக லைனில் போட்டால் 28 வோல்ட் விழுங்கிவிடும். பேஸில் ஓடுவதோ, கெயின் 100 (கரண்ட்டை 100 மடங்கு பெருக்கும்) என்று வைத்தால், 0.3 மில்லிஆம்பியர், கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் விழும். பேஸ்-எமிட்டரையும் சேர்த்து மொத்த இழப்பு ஒரு வோல்ட். 4700-ஐக் கழற்ற வேண்டாம். அதில் மிஞ்சும் அலையின் பள்ளம் பேஸ் வோல்டேஜுக்குக் கீழே இறங்கினால் உறுமல் அப்படியே உள்ளே வரும்.

சால்டர் புகை:
வோல்டேஜை 12-இல் நிலையாக நிறுத்தும் ரெகுலேட்டர் ஐ.சி. ஒரு 7812 போட்டால் வேலை முடிந்ததே அண்ணா?

பழைய ரேடியோ:
உறுமல் அடங்கும், மறுக்கவில்லை. ஆனால் 7812-க்குச் சொந்த இரைச்சல் சுமார் 75 மைக்ரோவோல்ட் உண்டு. ஃபோனோ சிக்னலே சில மில்லிவோல்ட்தான். வீட்டு வோல்டேஜ் ஏறி இறங்கினால் நான் சொன்ன சுற்றின் வோல்டேஜும் கூடவே ஏறி இறங்கும். 5532 அதைச் சட்டை செய்யாது. ஒன்று மட்டும்: மொபைல் சார்ஜர் மாதிரி எஸ்.எம்.பி.எஸ். (வேகமாக ஆன்-ஆஃப் ஆகி வேலை செய்யும்) சப்ளை என்றால் இதை நம்பாதீர்கள். அந்த வேகமான கூர்முனைகள் டிரான்சிஸ்டரின் உள் கபாசிட்டன்ஸ் வழியாகவே தாண்டிவிடும். அங்கே வேகமான அலையைத் தடுக்கும் ஃபெரைட் பீடும் செராமிக் கபாசிட்டரும்தான் சரி.

இசைத்தட்டு:
பேட்டரியில் முக்கால்வாசி உறுமல் போனது, மிச்சம் இருந்தது. ரிச்சி தெருவில் பி.டி.139 வாங்கி நீங்கள் சொன்னபடியே கட்டினேன். பேட்டரியில் கேட்ட அளவுக்கே இறங்கிவிட்டது. ஸ்விட்ச் போட்டால் முன்பு வந்த ‘டப்’ சத்தமும் இல்லை.

மிச்ச உறுமல் சரியாக ஒரு ஸ்தாயி கீழே கேட்டது. பிரிட்ஜ் தாண்டி வரும் 100 ஹெர்ட்ஸ் இல்லை, வீட்டு மின்சாரத்தின் 50. ஊசியைப் பெட்டிப் பக்கம் கொண்டுபோனால் கூடியது. பேட்டரி சோதனையிலும் டிரான்ஸ்ஃபார்மரை அணைக்காமல் விட்டிருக்கிறேன், அதன் காந்தப்புலம்தான் ஊசியில் ஏறியிருக்கிறது! டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாக இரண்டடி தள்ளி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். சுத்தமாக நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் வெளியே போனதில் பெட்டியும் மூடிக்கொண்டது.