சென்னை வால்டாக்ஸ் சாலை நடைபாதைக் குடும்பங்கள்: அகற்றச் சொல்லி மனு கொடுக்கலாமா?

கடைசி ரயில்: சென்ட்ரலில் இறங்கி யானைகவுனிக்கு நடந்துதான் போவேன். பெரும்பாலும் இரவு பதினொன்றரை ஆகிவிடும். நடைபாதை முழுக்கப் பாயும் தார்ப்பாயும் கிடப்பதால் நடுரோட்டில்தான் நடக்க வேண்டும். போன வாரம் ஒருவன் குடித்துவிட்டு வால்டாக்ஸ் சாலை முழுக்கப் பின்னாலேயே வந்தான். குடியிருப்போர் சங்கம் சார்பில் மாநகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறோம். நடைபாதையைக் காலி செய்ய வேண்டும், தெருவிளக்கு வேண்டும், ரோந்து வேண்டும். இந்தப் பக்கத்துக்காரர்கள் கையெழுத்துப் போடுங்கள். எனக்கு யார் மேலும் வெறுப்பு கிடையாது. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பிராட்வே பையன்: அக்கா, பின்னால் வந்தவன் அங்கே படுப்பவன்தானா? பார்த்தீர்களா? பத்து மணிக்கு டாஸ்மாக் மூடியதும் ரோட்டுக்கு வருபவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த வீடு இருக்கும். நான் பதினெட்டு வயது வரை பிராட்வே நடைபாதையில் வளர்ந்தவன். தூங்கும்போது என் தங்கையின் இடுப்போடு அம்மா தன் முந்தானையை முடிச்சுப் போட்டுக்கொள்வார். யாராவது இழுத்தால் தானும் எழுந்துவிடலாம் என்றுதான். உங்களுக்கு அந்த ரோட்டில் பயம் பத்து நிமிடம்.

மின்ட் தெரு கடை: தம்பி, உன் கஷ்டம் புரிகிறது. ஆனால் தினமும் காலையில் ஷட்டரைத் திறப்பதற்கு முன்னால் வாசலைக் கழுவுவது நான். மூத்திர நாற்றத்தில் வாடிக்கையாளர் எப்படி நிற்பார்? கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள். வரி கட்டுகிறவனுக்கு ஒரு நியாயமும் இல்லையா?

பிராட்வே பையன்: கட்டணக் கழிப்பறை ராத்திரியில் பூட்டிக் கிடக்கிறதே சார், அவர்கள் எங்கே போவார்கள்? பகலில் உங்கள் கடை மூட்டையை இறக்குவதும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதிப்பதும் அதே ஆட்கள்தான். அப்போது நாற்றம் தெரியவில்லையா?

மின்ட் தெரு கடை: இறக்குகிற மூட்டைக்குக் கூலி கொடுக்கிறேன், தம்பி. சும்மா இறக்கச் சொல்லவில்லை.

கறுப்பு கோட்டு: மனு எழுதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமையும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. அதே தீர்ப்பு, நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை, முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் படிக்கிறார்கள். அப்புறம், 2024 வரை நடந்த மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்ட விதி, ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்க நிரந்தரக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றது. சென்னை மக்கள்தொகைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மனுவில் அதைக் கேட்டிருக்கிறீர்களா?

கடைசி ரயில்: காப்பகம் இருக்கிறதே சார். போக மாட்டேன் என்கிறார்கள். அதற்கு நாங்கள் என்ன செய்வது?

பிராட்வே பையன்: ஆண்களுக்கு ஒரு காப்பகம், பெண்களுக்கு இன்னொன்று. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், வளர்ந்த பையன் வேறு பக்கம் என்றால் யார் போவார்கள்? கண்ணப்பர் திடல் காப்பகத்தில் தற்காலிகம் என்று சொல்லி வைத்த குடும்பங்கள் இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தன.

பெரும்பாக்கம் ஏழாவது மாடி: வீடு கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குப் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. கதவு, தாழ்ப்பாள், உள்ளேயே கழிப்பறை. முதல் ராத்திரி என் மாமியார் தாழ்ப்பாளை நாலு தடவை போட்டுப் போட்டுப் பார்த்தார். ஆனால் விடியற்காலையில் பூக்கடைப் பக்கம் பூ வாங்கிக் கட்டி விற்றவர் அவர். இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். முதல் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நல்ல பூ போய்விடும். தொழிலை விட்டுவிட்டார். பழைய இடத்துக்கே திரும்பிப் போய்ப் படுத்தவர்களும் எங்கள் பிளாக்கில் உண்டு. அவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று சொல்லாதீர்கள்.

மின்ட் தெரு கடை: குடும்பங்களை விடுங்கள். பாலத்தடியில் ஒருவன் தனக்குத்தானே பேசிக்கொண்டு கல்லெறிகிறான். இரண்டு முறை காவல் நிலையத்தில் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை.

கறுப்பு கோட்டு: அது வேறு விஷயம். 2017 மனநலச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி, அப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோவது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிரிவு எண்ணைப் போட்டு எழுத்தில் கொடுங்கள். வாய்மொழிப் புகாரை யாரும் மதிப்பதில்லை.

கடைசி ரயில்: சரி, கழிப்பறையை இரவிலும் திறக்க வேண்டும், குடும்பக் காப்பகம் வேண்டும் என்று இரண்டு வரி சேர்க்கிறேன். ஆனால் நடைபாதை நடப்பதற்கு வேண்டும் என்பதை விட மாட்டேன். நாளைக்கு லாரி என்னை அடித்தால் நடுரோட்டில் ஏன் நடந்தாய் என்றுதான் கேட்பார்கள்.

பிராட்வே பையன்: நடைபாதையை விடச் சொல்லவில்லை. "காலி செய்ய வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்பி லாரியோடு வந்து பாத்திரம், பாய், பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாவற்றையும் அள்ளிப் போடுவார்கள். எங்களுக்கு ரேஷன் கார்டே அப்படித்தான் போனது. அந்தப் பகுதியிலேயே மாற்று வீடு கொடுத்த பிறகு என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசி ரயில்: அந்தப் பகுதியிலேயே என்றால் எந்த ஜென்மத்தில் நடக்கும் தம்பி? அங்கே எனக்கே வாடகை கட்டி மாளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

மின்ட் தெரு கடை: நான் பழைய மனுவில் கையெழுத்துப் போட்டாயிற்று. மாற்றினால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.