உயிரித் தொழில்நுட்ப ஆய்வக நுட்புநர் படிப்பு: பள்ளி அறிவியல் மறந்துபோனவருக்கு இயலுமா?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். பள்ளியில் அறிவியல் படித்து 14 ஆண்டுகள் ஆகிவிட்டன. இதுவரை கணக்கர் பணியில் இருந்த நான், சமுதாயக் கல்லூரி ஒன்றில் உயிரித் தொழில்நுட்ப ஆய்வக நுட்புநருக்கான இரண்டாண்டுப் படிப்பில் சேர எண்ணியுள்ளேன். நுண்ணுயிரியல், வேதியியல், செல் வளர்ப்பு, தரக்கட்டுப்பாடு ஆகியவை பாடங்களாக உள்ளன. இவற்றுள் எதற்கு இப்போதே ஆயத்தமாக வேண்டும்? கல்லூரியில் எதை விசாரிக்க வேண்டும்?

மறுமொழி 1

கரைசல் கணக்கிலிருந்து தொடங்குங்கள். முதல் பருவத்தில் பலர் தடுமாறுவது மரபணுவியலில் அன்று, இதில்தான். 0.5 மோலார் (லிட்டருக்கு 0.5 மோல்) சோடியம் குளோரைடு கரைசல் 250 மில்லிலிட்டர் வேண்டுமென்றால், ஒரு மோலின் எடையான மோலார் நிறை 58.44 கிராம் என்பதிலிருந்து 7.305 கிராம் எடைபோட வேண்டும் என்று தயங்காமல் கணக்கிட வர வேண்டும். டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தால் பிரிக்கும் ஜெல்லை ஓட்டுவதற்கான தாங்கல் கரைசல் (அமில-கார நிலை மாறாமல் காப்பது) 50 மடங்கு செறிவில் இருந்தால், ஒரு லிட்டர் தயாரிக்க அதில் 20 மில்லிலிட்டரும் நீர் 980 மில்லிலிட்டரும் போதும். எண்களோடு பழகிய உங்களுக்கு இது ஒரு மாத உழைப்பே.

மறுமொழி 2

கணக்கு தேவைதான், ஆனால் கை பழகாமல் கணக்கு மட்டும் சரியாக இருந்து பயனில்லை. மிகச் சிறு அளவு திரவத்தை எடுக்கும் கைக்கருவியான மைக்ரோபிப்பெட்டை முதல் தடை வரை அழுத்தி உறிஞ்சி, இரண்டாம் தடை வரை அழுத்தி முழுவதையும் வெளியேற்றும் எளிய செயலே ஆளுக்கு ஆள் மாறுபடும். 100 மைக்ரோலிட்டர் நீரைப் பத்து முறை எடுத்துத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 100 மில்லிகிராம் வர வேண்டும். ஆகவே, ஒரு மேசைக்கு எத்தனை மாணவர்கள், செல் வளர்ப்பை ஒவ்வொருவரும் தாமே செய்கிறார்களா அல்லது நின்று பார்க்கிறார்களா, வெளி ஆய்வகத்தில் பயிற்சிக் காலம் உண்டா என்று கேளுங்கள். இயலுமானால் ஆய்வக வகுப்பு நடக்கும் நேரத்தில் நேரில் சென்று பாருங்கள்.

மறுமொழி 3

மருந்து உற்பத்தியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் பழைய தொழிலைக் குறையாக எண்ண வேண்டாம். இங்கே பதிவேட்டில் பிழை நேர்ந்தால் வெள்ளை மை பூசக் கூடாது. பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு, சரியான எண்ணை எழுதி, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் எடைகளைத் துண்டுத்தாளில் குறித்து, பின்னர் பதிவேட்டில் ஏற்றலாம் என்று வைத்திருந்தேன். அந்தத் தாள் தொலைந்தது. கரைசல்கள் சரியாகவே இருந்திருக்கலாம், ஆனால் அதை மெய்ப்பிக்க வழியில்லாததால் அனைத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் நினைவில் இருக்கிறது. பதிவேட்டுப் பழக்கம் உள்ளவரை நாங்கள் மகிழ்ச்சியுடன் ஏற்போம்.

ஒன்றை மட்டும் முன்னரே அறிந்துகொள்ளுங்கள்: 37 பாகை வெப்பத்திலும் 5 விழுக்காடு கரியமில வாயுவிலும் வளரும் செல்களுக்கு விடுமுறை கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானாலும் அவற்றுக்கு உணவான வளர்ப்பு ஊடகத்தை மாற்ற யாராவது வந்தே ஆக வேண்டும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்பு நடக்கும்போது ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கேட்டு இன்றே கல்லூரிக்கு எழுதுகிறேன். கரைசல் கணக்குகளை இன்றிரவே தொடங்கிவிடுவேன்.