புதுப்பிப்பு: வீடியோ காலில் வெப்கேம் கறுப்பாகவே தெரிந்த விவகாரம்

விண்டோஸின் கேமரா ஆப்பில் படம் தெரிகிறது, வீடியோ காலில் மட்டும் கறுப்பாக நிற்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா, சரியாகிவிட்டது. மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் புதுசு வாங்கச் சொன்னார்கள். ஒரு ஆப்பில் படம் வந்தாலே வயரும், கேமராவை இயக்கும் மென்பொருளான டிரைவரும் ஒழுங்காக இருக்கின்றன என்றுதானே அர்த்தம்!

விண்டோஸ் 11 செட்டிங்ஸில் பிரைவசிக்குள் கேமராவைத் திறந்து, கடைசி வரை கீழே போங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்த ஆப்களுக்குத் தனித்தனி சுவிட்ச் உண்டு, ஆனால் நாமே இணையத்தில் இறக்கிப் போட்ட டெஸ்க்டாப் ஆப்களுக்கெல்லாம் சேர்த்து அடியில் ஒரே சுவிட்ச்தான், என் கணினியில் அது அணைந்து கிடந்தது. போட்டுவிட்டு ஆப்பை மூடித் திறந்ததும் லென்ஸ் பக்கத்து விளக்கு எரிந்தது, முகமும் வந்தது.

அப்புறம், பிரவுசரில் வேறு மீட்டிங் திறந்திருந்தால் மூடிவிடுங்கள், கேமராவை அது பிடித்து வைத்திருக்கலாம். மைக் இன்னும் கரகரக்கிறது, அதைத் தனியாகக் கேட்கிறேன்.